தர்பார் மண்டபத்தில் ஒரு தண்டவாளம்

1998-ஆம் ஆண்டு. கார்டன் ரீச்சில் உள்ள தென்கிழக்கு ரயில்வே தலைமை அலுவலகத்தில் என்னுடன் வேலை பார்த்த வங்காளி நண்பர் ஒருவர், "விக்டோரியா மெமோரியலுக்குள் தண்டவாளம் போட்டிருக்கிறார்களாம், வாருங்கள் பார்த்து வருவோம்" என்று அழைத்தார். தண்டவாளத்தைப் பார்க்க டிக்கெட் வேறு வாங்க வேண்டுமா என்று நான் கேலி செய்தேன். ஆனாலும் போனேன்.

விக்டோரியா மகாராணியின் நினைவாகக் கர்சன் பிரபு திட்டமிட்டு, 1921-இல் திறக்கப்பட்ட பளிங்கு மாளிகை அது. அதன் தர்பார் மண்டபத்தில் தண்டவாளம் ஓடியது. சணல் சாக்குகள், புத்தகங்கள், கோப்புப் பெட்டிகள் எல்லாம் காட்சிப் பொருளாகியிருந்தன. நவீன வங்காளத்தின் வரலாற்றைச் சொல்வதற்காக, சுதந்திரப் பொன்விழாவையொட்டி அமைக்கப்பட்டது. ஓவியத்தைச் சுவரில் மாட்டுவார்கள், சிலையைப் பீடத்தில் வைப்பார்கள். இதிலோ முழு மண்டபமே படைப்பு. நாம் அதற்குள் நடந்து போக வேண்டும். இதைத்தான் இன்ஸ்டலேஷன் என்கிறார்கள்.

பாதைப் பிரிவில் பழகிய என் கண் முதலில் கேஜைத்தான் தேடியது. "நம் டிப்போவில் கிடக்கும் கழிவுச் சாமான்களை இங்கே கொண்டுவந்து போட்டால் நானும் கலைஞன்தான்" என்று முணுமுணுத்தேன். நண்பர் பதில் சொல்லவில்லை.

இதை உருவாக்கியவர் விவான் சுந்தரம். பெயரைப் பார்த்து, நம்மவரோ என்று விசாரித்தேன். பாதி நம்மவர்தான். தந்தை கே.வி.கே. சுந்தரம் ஐ.சி.எஸ்., தமிழ்க் குடும்பத்தில் பிறந்து இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர். தாய் இந்திரா, ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் தங்கை. 1943-இல் சிம்லாவில் பிறந்த விவான், பரோடாவிலும் லண்டன் ஸ்லேட் பள்ளியிலும் ஓவியம் பயின்றவர். 2023-இல் டெல்லியில் காலமானார்.

பிற்பாடு அவருடைய மற்ற படைப்புகளைப் பற்றியும் தேடிப் படித்தேன். தம் தாய்வழிப் பாட்டனார் எடுத்த குடும்பப் புகைப்படங்களையும் பெரியம்மா அம்ரிதாவின் ஓவியங்களையும் கணினியில் இணைத்துப் புதிய படங்கள் செய்தார். அவற்றில் வெவ்வேறு காலத்து மனிதர்கள் ஒரே அறையில் நிற்பார்கள். 2005-இல் பன்னிரண்டு இரும்புக் கட்டில்களில் மெத்தைக்குப் பதிலாகப் பழைய செருப்பு அடிகளைக் கோத்து, ஒரு மருத்துவமனை வார்டையே அமைத்தார். அந்தச் செருப்புகளில் நடந்தவர்கள் யாரோ!

2012-இல் கொச்சியில் நடந்த முதல் பினாலே கண்காட்சிக்கு அவர் எடுத்துக்கொண்டது பானை ஓடுகள். கேரளத்தின் பட்டணம் அகழாய்வில் கிடைத்தவை. பட்டணம்தான் சங்கப் பாடல்கள் சொல்லும் முசிறி என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். மிளகுக்காக யவனர் கப்பல்கள் வந்த துறைமுகம் அது. அந்த ஓடுகளைத் தரையில் பரப்பி ஒரு நகரமாக்கி, 'கறுப்புத் தங்கம்' என்ற பொருளில் ஆங்கிலப் பெயரிட்டார். சேர நாட்டு ஓடுகளைத் தமிழ்த் தந்தையின் மகன் அடுக்கினார் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

தர்பார் மண்டபத்துக்கு வருகிறேன். நண்பர் சாக்குகளின் பக்கத்தில் நின்றவர் நகரவேயில்லை. பிரிவினையில் சணல் விளைந்த நிலத்தில் பெரும்பகுதி கிழக்கு வங்காளத்தோடு போயிற்று. ஆலைகளோ ஹூக்ளிக் கரையிலேயே நின்றுவிட்டன. நண்பரின் தகப்பனார் மைமன்சிங் பக்கம் சணல் பயிரிட்டவர். ஏழு வயதுப் பையனாக இவர் ரயிலேறிக் கல்கத்தா வந்தது எனக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அவர் குனிந்து சாக்கை முகர்ந்தார். காவலாளி தொடக் கூடாது என்றார். "தொடவில்லை அப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முகர்ந்தார்.

கண்காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்தெடுத்துவிட்டார்கள். பெயர்த்தெடுத்த பாதை போலத்தான். இன்று அந்த மண்டபத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அன்று பஸ்ஸில் கிதிர்பூர் பாலம் வரும்வரை நண்பர் வாய் திறக்கவில்லை. பிறகு, தம் ஊர்க் குளத்தில் சணல் தட்டைகளை ஊறப்போட்டால் எழும் நாற்றத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கார்டன் ரீச்சில் இறங்கி, ரயில்வே குடியிருப்பு வாசலில் வெகுநேரம் நின்றும் அவர் சொல்லி முடிக்கவில்லை.