மஞ்சள் பல்பில் மறையும் மஞ்சள்!

புதுச்சேரியில் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும், திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடே உண்டு. கொலு சமயத்தில் வீட்டிலும் பழைய பொம்மைக்கு வர்ணம் பூசுவோம். ராத்திரி குண்டு பல்பில் வெள்ளை என்று பூசிய இடம், காலையில் பார்த்தால் இளமஞ்சள்! 'பெயிண்ட் மாறிப்போச்சே' என்போம். மாறியது வெளிச்சம்தான்.

ஒரு பொருள் தன்மேல் விழும் ஒளியில் சில நிறங்களை விழுங்கி, மீதியைத் திருப்பி அனுப்பும். அதுதான் நாம் காணும் நிறம். வெள்ளை, நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். மஞ்சள் அதை விழுங்கிவிடும். குண்டு பல்பில் நீலம் ரொம்பக் குறைவு. அதனால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நீல வர்ணமோ கறுத்துக் காணும். பகல் வெளிச்சமே நல்லது. விளக்கு வாங்கினால் பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை ஒளியும், சி.ஆர்.ஐ. 90-க்கு மேலும் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

பொம்மை என்றால் மறுபடி பூசிக்கொள்ளலாம். உடம்புக்கு?

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நிறமும் விழியும் அடக்கம். காமாலையில் கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகும். மஞ்சள் விளக்கில் அது கண்ணுக்குத் தப்பிவிடலாம். பச்சைக் குழந்தையை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நெற்றியை விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். மாநிறக் குழந்தைக்குக் கண்ணையும் ஈறையும் பாருங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, மஞ்சளோடு பால் குடிக்காமல் சோர்ந்திருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரியவர்களும் கீழாநெல்லி தேடுமுன் டாக்டரிடம் காட்டி, ரத்தத்தில் பிலிருபின் அளவைப் பார்த்துவிடுவது நல்லது.