ஆயில் டப்பாவில் இரண்டு எழுத்து

ஒரே கடை, ஒரே கம்பெனி, இரண்டு டப்பா. இரண்டிலும் 10டபிள்யூ-30 என்றுதான் அச்சிட்டிருக்கும். ஒன்று கியர் பைக்குக்கு, மற்றொன்று ஸ்கூட்டருக்கு. மாற்றி ஊற்றினால் பாதிப்பு பைக்குக்குத்தான்.

பெரும்பாலான கியர் பைக்குகளில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் ஊறியபடியே ஒன்றையொன்று இறுகப் பிடிக்க வேண்டும். காரில் கிளட்ச் பொதுவாக இன்ஜின் ஆயிலில் நனைவதில்லை. அதனால் மைலேஜ் கூடுவதற்காக உராய்வைக் குறைக்கும் ரசாயனங்களைக் கார் ஆயிலில் சேர்க்கிறார்கள். அது பைக்கினுள் போனால் பிளேட் வழுக்கும். மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின்தான் அலறும், வண்டி இழுக்காது. உடனே பிளேட் மாற்றச் சம்மதிக்காதீர்கள். கடைசியாக ஊற்றியது என்ன ஆயில் என்று முதலில் கேளுங்கள். சரியான ஆயிலுக்கு மாற்றிய பிறகு பிடிப்பு திரும்பிவிடுவதும் உண்டு.

இதற்காகவே ஜப்பானியர்கள் 1998-இல் ஜாசோ தரத்தைக் கொண்டுவந்தார்கள். டப்பாவின் பின்பக்கத்தில் சிறு கட்டத்துக்குள் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருந்தால் கியர் பைக்குக்கு ஏற்றது. எம்.பி. என்றால் ஆக்டிவா போன்ற கியரில்லாத ஸ்கூட்டருக்கு. விளம்பரப் படத்தைவிட இந்தக் கட்டம் முக்கியம்.

அடுத்து, "நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டியான ஆயில்தான் சார் நல்லது" என்ற பேச்சு. 10டபிள்யூ, 20டபிள்யூ என்ற முன் எண்கள் கடுங்குளிரில் இன்ஜின் எளிதில் சுழலுமா என்பதைச் சொல்பவை. சோதனையே பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரியில் நடக்கிறது. 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைச் சொல்வது பின்னால் வரும் 30, 40, 50. இன்ஜினின் தேவையையும் நம் வெயிலையும் கணக்கில் எடுத்துத்தான் கம்பெனி கையேடு எழுதியிருக்கிறது. ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு 15டபிள்யூ-50 என்று இன்ஜினுக்கு இன்ஜின் மாறுவது அதனால்தான். கையேட்டில் உள்ள எண்ணை மெக்கானிக் மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள். கையேடு கேட்காதபோது அதிக விலைக்கு முழு சிந்தெடிக் வாங்கியே தீர வேண்டும் என்பதும் இல்லை.

தரத்தைவிட எனக்குக் கவலை தருவது போலி ஆயில். காலி டப்பாக்களில் மட்டமான ஆயிலை நிரப்பி, புதிதாக சீல் வைத்து விற்கிறார்கள். மூடியின் சீலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். பேட்ச் எண், தயாரிப்பு மாதம், எம்.ஆர்.பி. இருக்கிறதா என்று பாருங்கள், முடிந்தால் போன் கேமராவில் ஒரு படம். காலி டப்பாவைக் கடையில் விடாமல் வாங்கி வையுங்கள், வண்டி நன்றாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு கத்தியால் கிழித்துப் போடுங்கள். பேரலில் இருந்து அளந்து ஊற்றும் ஆயில் என்றால் பெயரும் தரமும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள். பில் கேட்கத் தயங்கவே வேண்டாம், அது உங்கள் உரிமை.

வண்டி கெட்டுவிட்டது, ஆயில்மேல் சந்தேகம் என்றால் டப்பா, அதில் மிஞ்சிய ஆயில், பில், மெக்கானிக்கின் குறிப்பு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். டப்பாவில் உள்ள வாடிக்கையாளர் எண்ணில் பேட்ச் எண்ணைச் சொன்னால், அது தங்கள் சரக்கா என்று கம்பெனியே சரிபார்க்க முடியும். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலோ அளவு குறைந்தாலோ தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவு அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். போலி என்று உறுதியானால் காவல் நிலையத்துக்கும் போகலாம்.

அங்கெல்லாம் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. தேவைப்பட்டால் ஆணையமே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும். மிஞ்சிய ஆயிலைப் பத்திரப்படுத்தச் சொன்னது அதற்காகத்தான்.