லினக்ஸில் ஒலிச் சிக்கல்கள்

லினக்ஸ் கருனியில் இயங்கும் திறமூல இயங்குதளங்களில் ஒலி கேட்காமை, விட்டுவிட்டுக் கேட்டல், ஒலிவாங்கி செயற்படாமை போன்றவை ஒலிச் சிக்கல்கள் எனப்படுகின்றன. இவற்றில் ஒலி பல அடுக்குகளைக் கடந்தே ஒலிபெருக்கியை அடைகிறது. ஆகவே, பழுது எந்த அடுக்கில் உள்ளது எனக் கண்டறிவதே தீர்வின் முதற்படியாகும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசு 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், விண்டோஸுடன் சேர்த்து அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்தது. பார்வையற்றோர் பலர் லினக்ஸில் ஓர்க்கா என்னும் திரைபடிப்பானைப் பயன்படுத்துகின்றனர். ஈஸ்பீக் என்னும் பேச்சுப்பொறி தமிழ் உரையையும் ஒலிக்க வல்லது. பிரெயில் காட்டி இல்லாதவருக்கு ஒலி நின்றால் கணினியே நின்றதற்கு ஒப்பாகும்.

அடுக்குகள்

* வன்பொருள்: ஒலி அட்டையும் அதற்கான நிலைபொருளும்.
* ஆல்சா: கருனியில் உள்ள ஒலி இயக்கித் தொகுதி. 2003 இல் வெளிவந்த கருனி 2.6 முதல், பழைய ஓஎஸ்எஸ் முறைக்கு மாற்றாக அமைந்தது.
* ஒலி வழங்கி: பல மென்பொருள்களின் ஒலியைக் கலந்து, உரிய வெளியீட்டுக்கு அனுப்புகிறது. பல்ஸ்ஆடியோ 2004 இல் தொடங்கப்பட்டது. 2021 இல் வெளிவந்த ஃபெடோரா 34 இல் பைப்வயர் அதன் இடத்தைப் பெற்றது.
* பயன்பாட்டு மென்பொருள்: இசை இயக்கி, உலாவி போன்றவை.

கண்டறியும் முறை

1. ஒலி அமைப்புகளில் வெளியீடு எதுவெனப் பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ தெரிவாகியிருந்தால் மடிக்கணினியின் ஒலிபெருக்கி ஒலிக்காது.
2. முனையத்தில் ஆல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6 விசையால் ஒலி அட்டையைத் தெரிவு செய்யலாம். "எம்எம்" எனக் காட்டும் தடம் ஒலியடக்கப்பட்டதாகும். எம் விசை அதனை நீக்கும்.
3. ஆல்சாவின் பட்டியலில் அட்டையே இல்லையெனில், இயக்கியிலோ நிலைபொருளிலோ குறை இருக்கலாம். டெபியன் 12 (2023) முதல் கட்டற்றதல்லாத நிலைபொருளும் நிறுவல் வட்டிலேயே இடம்பெறுகிறது.
4. அட்டைக்கு நேரடியாக அனுப்பிய சோதனை ஒலி கேட்டு, பிற மென்பொருள்களின் ஒலி கேட்கவில்லையெனில், ஒலி வழங்கியை மீளத் தொடங்க வேண்டும். சோதனையின்போது சாதனம் பயன்பாட்டில் உள்ளதாகப் பிழைச்செய்தி வந்தால், ஒலி வழங்கியோ வேறொரு மென்பொருளோ அட்டையைப் பிடித்து வைத்துள்ளது எனக் கொள்ளலாம். அது வன்பொருள் பழுதன்று.

எஸ்எஸ்எச் வழி முன்னரே இயக்கப்பட்டிருந்தால், திரைபடிப்பான் பயன்படுத்துவோர் பேச்சொலி உள்ள வேறொரு கணினியிலிருந்து நுழைந்து இக்கட்டளைகளைத் தாமே இயக்கலாம்.