இறக்கை முளைத்த கனிகள்

போர்னியோக் காட்டில் ஆண்டுக்கணக்கில் பூக்காமல் நிற்கும் மரங்கள், ஏதோ ஓர் ஆண்டில் சொல்லிவைத்தாற்போல் ஒருசேரப் பூக்கும். சில மாதம் கழித்துக் காய்கள் பம்பரமாய்ச் சுழன்றபடி இறங்கும். ஒன்றைக் கையில் எடுத்தால் இறகுப்பந்து ஞாபகம் வரும்: கீழே கொட்டை, மேலே நீண்ட இறக்கைகள். பூவின் புல்லிகளே அப்படி வளர்ந்து காய்ந்திருக்கின்றன.

டிப்டெரோகார்ப்பேசி என்ற இம்மரங்களின் குடும்பப் பெயருக்கு 'இரு சிறகுக் கனி' என்று பொருள். கொஞ்சம் அவசரப்பட்டு வைத்த பெயர்தான். டிப்டெரோகார்ப்பஸ் பேரினத்துக்கு இரண்டு, சரி. ஷோரியாவில் பெரும்பாலும் மூன்று நீளம், இரண்டு குட்டை. மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரத்துக்கு இறக்கையே கிடையாது.

இக்குடும்பத்தில் ஏறத்தாழ 700 இனங்கள். மலேசியாவின் டானம் பள்ளத்தாக்கில் 100 மீட்டரைத் தாண்டிய மஞ்சள் மெரந்தி மரம் ஒன்று நிற்கிறது. பூவைப் பறித்துப் பார்த்து இனம் சொல்வது அங்கே எளிதா என்ன! மரவியாபாரிகளுக்கு அந்தக் கவலை இல்லை. அறுத்த பலகையின் நிறத்தையும் கனத்தையும் வைத்துச் சிவப்பு மெரந்தி, வெள்ளை மெரந்தி, மஞ்சள் மெரந்தி, பாலாவ் என்று பிரித்தார்கள். தாவரவியலாளர்களோ எல்லாவற்றையும் ஷோரியா என்ற ஒரே பேரினத்தில் அடைத்திருந்தார்கள். இக்குடும்பத்தோடு வாழ்நாளைக் கழித்த பீட்டர் ஆஷ்டனும் சகஆய்வாளரும் 2022இல் அதைப் பிரித்தபோது, புதிய பேரினங்கள் பெரும்பாலும் அந்தப் பலகைப் பிரிவுகளின் வழியே விழுந்தன. மரபணுவும் அதையே சொன்னது. மரவாடிக் கண் லேசுப்பட்டதல்ல.

பாதுகாப்பில்தான் சிக்கல். நெல்லைப்போல் உலர்த்திக் குளிரில் வைத்தால் இவற்றின் பெரும்பாலான விதைகள் செத்துவிடும். விழுந்த சில நாளில் முளைத்தாக வேண்டும். ஆகவே விதை வங்கி உதவாது. அடுத்த பூப்புக்குள் தாய்மரம் வெட்டுப்பட்டாலோ, காடு எண்ணெய்ப்பனைத் தோட்டமானாலோ, அந்த வரிசை அத்தோடு முடிந்தது.

பழைய பச்சைக் கற்பூரமும் இக்குடும்பத்துச் சரக்குதான். அடிமரத்தைப் பிளந்தால் சிலவற்றில் வெள்ளைப் படிகமாய் இருக்கும். அதற்குப் பேர்போன சுமத்ராவின் பாரூஸில், தமிழ் வணிகக் குழுவினர் 1088இல் தமிழிலேயே கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். அதே கரைக்கு அப்பால் முர்சாலா என்றொரு தீவு. அழிந்துவிட்டதென்று 1998இல் பட்டியலிடப்பட்ட டிப்டெரோகார்ப்பஸ் சினரியஸ், 2013இல் அந்தத் தீவில் உயிரோடு நின்றுகொண்டிருந்தது.