கெரியர் இல்லாத சைக்கிளுக்குக் கெரியர் பூட்டுவது எப்படி?

"கம்பி இருக்கு, ரெண்டு முறுக்கு முறுக்கினா சரி." இப்படிச் சொல்லித்தான் நமக்குத் தெரிந்த ஒரு தொழிலாளர் தன் மகனின் சைக்கிளில் பழைய கெரியர் ஒன்றைக் கட்டினார். மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் டவுனில் 10 கிலோ கோதுமை மா வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஸ்டோருக்கு மேலே உள்ள இறக்கத்தில் கெரியர் பின்பக்கம் சாய்ந்தது. அதன் கால் சக்கரத்துக்குள்ளே போனது. சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. ஆள் கானுக்குள்! காறை எலும்பு உடைந்து ஆறு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. பேர் விழாத ஆறு வாரம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய கறுப்புச் சைக்கிள்கள் கெரியரோடும் ஸ்டாண்டோடும் வந்தவை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது பலர் கிடைத்த சைக்கிளை வாங்கினார்கள். அவற்றில் தடித்த டயர் போட்ட கியர் சைக்கிள்களும் இருந்தன. இந்த வகையில் பலவற்றுக்குக் கெரியர் பூட்ட ஓட்டை வைப்பதே இல்லை. ஆனாலும் நமக்கு அரிசி மூட்டை கொண்டுவர வேண்டும், விறகு கொண்டுவர வேண்டும். என்ன செய்யலாம்?

முதலில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். கெரியரில் வைக்கிற பாரம் எங்கே இறங்குகிறது? சீட்டுக் கம்பியில் என்று பலர் நினைக்கிறார்கள். பாரத்தின் பெரும் பகுதி கெரியரின் இரண்டு கால்கள் வழியாகப் பின் சக்கர அச்சுக்குத்தான் இறங்குகிறது. சீட்டுப் பக்கம் பூட்டுகிற பட்டை, கெரியர் முன்னே பின்னே சாயாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கொழுந்துக் கூடையை நினைத்துப் பாருங்கள். பாரத்தைத் தூக்குவது தலையில் போட்ட கயிறு. முதுகு சும்மா அணைத்துக்கொள்கிறது. கயிறு செய்கிற வேலையை இங்கே செய்வது இந்தக் கால்கள். அதனால் காலே இல்லாமல் சீட்டுக் கம்பியை மட்டும் கவ்விக்கொண்டு நிற்கிற கெரியரை நம்பி மூட்டை ஏற்றாதீர்கள். புத்தகப் பைக்குச் சரி. பாரம் கூடினால் அது வளைவில் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும்.

இனி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின் அச்சுப் பக்கம் துடைத்துப் பாருங்கள். அச்சு உட்காரும் தகட்டில், அச்சுக்குச் சற்று மேலே சிறிய ஓட்டை இருக்கிறதா? சில சைக்கிளில் பெயின்டும் சேறும் அதை மூடியிருக்கும். மட்காட்டுக்காக வைத்த ஓட்டையாகவும் இருக்கலாம். இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் 5 மில்லிமீற்றர் போல்ட் அதில் ஏறும். மட்காட் கம்பியும் அங்கேதான் என்றால் கெரியர் காலை உள்ளே, பிரேமோடு ஒட்டிப் போடுங்கள். மட்காட் கம்பி வெளியே வரட்டும்.

ஓட்டை இல்லையா? அப்போது அச்சையே பிடிக்க வேண்டும். இதுதான் முக்கியமான இடம், ஆறுதலாகச் செய்யுங்கள். கெரியர் காலின் ஓட்டை சிறியது, அச்சு ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் தடிப்பு. காலின் ஓட்டையைத் துளைத்துப் பெரிதாக்கினால் சுற்றிலும் இரும்பே மிஞ்சாது, முறிந்துவிடும். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள பட்டை இரும்பில் சிறு துண்டு இரண்டு வெட்டி, அச்சு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, இரும்புக் கெரியரின் கால்களில் வெல்டிங் பாஸிடம் ஒட்டிக்கொள்ளுங்கள். வெல்டிங் கெரியருக்குத்தான், பிரேமுக்கு வேண்டாம். "அண்ணே, பிரேமிலயே ஒரு காது வச்சு ஒட்டித் தாறேன்" என்று பாஸ் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பிரேம் குழாய் மெல்லியது. ஒட்டிய சூட்டில் பலம் குறைந்து, பிறகு ஒருநாள் அந்த இடத்திலேயே வெடிக்கும். அலுமினியப் பிரேம் என்றால் சாதாரண வெல்டிங் அதில் பிடிக்கவே பிடிக்காது. பிரேமில் புதிதாகத் துளை போடுவதும் அதே ஆபத்துத்தான்.

அச்சு நட்டைக் கழற்றி, பிரேமுக்கு வெளியே அந்தப் பட்டை, அதற்கு வெளியே வாசர், பிறகு நட்டு என்று போடுங்கள். நட்டு முழுவதும் அச்சின் புரியில் ஏறியிருக்க வேண்டும். அச்சின் நுனி நட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்தால் புரி போதவில்லை என்று அர்த்தம், நீளமான அச்சு மாற்ற வேண்டும். நட்டு இல்லாமல் கையால் மடக்கித் திறக்கிற லீவர் உள்ள சக்கரத்தில் இந்த வேலையைச் செய்யக்கூடாது. சைக்கிள் பாஸிடம் கொடுத்து நட்டு உள்ள அச்சு மாற்றிய பிறகு செய்யலாம். சீட்டுக்குக் கீழே ஸ்பிரிங் வைத்து, பின் சக்கரம் மேலும் கீழும் ஆடுகிற சைக்கிளா? அதற்கு இப்படிப்பட்ட கெரியரே சரிவராது, விட்டுவிடுங்கள்.

மேல் பக்கத்துக்கு, சீட்டிலிருந்து அச்சுக்கு இறங்கும் இரண்டு மெல்லிய குழாய்களில் கிளிப் போட்டுப் பட்டையைப் பூட்டலாம். கிளிப்புக்கு அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றினால் வழுக்காது, பெயின்டும் கெடாது. கெரியர் மட்டமாக நிற்கட்டும், பின்பக்கம் தாழவே கூடாது. பூட்டி முடித்ததும் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். பட்டையோ போல்ட்டோ பிரேக் கையில், கேபிளில் முட்டுகிறதா? சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். செயின் பக்கத்தில் போல்ட் நுனி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் செயின் அதில் உரசும். பெடல் மிதிக்கும்போது குதிகால் மூட்டையில் தட்டாத தூரமும் வேண்டும்.

போல்ட்டுகளுக்கு நைலோன் வைத்த லொக் நட்டு வாங்குங்கள். சில ரூபாய்தான் கூடும். நம் பாதைக் குலுக்கலுக்குச் சும்மா நட்டு ஒரு கிழமை தாங்காது. முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள், பிறகு கிழமைக்கு ஒருமுறை.

எவ்வளவு ஏற்றலாம்? பல கெரியரில் 25 கிலோ என்று பொறித்திருக்கும். அது அதற்கென்று ஓட்டை வைத்த சைக்கிளில் பூட்டினால். நம் கைவேலைக்கு 15 கிலோவுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். பாரத்தை அச்சுக்குப் பின்னால் தொங்கவிடாமல் சீட்டை ஒட்டி வையுங்கள். பின்னால் தொங்கினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். கட்டுகிற கயிற்றின் நுனி, சாக்கின் வாய், சேலை முந்தானை எதுவும் சக்கரத்துப் பக்கம் தொங்கக்கூடாது. மழை நாளில் ரிம் நனைந்தால் பிரேக் சீக்கிரம் பிடிக்காது. பாரமும் இருந்தால் சைக்கிள் இன்னும் தூரம் ஓடித்தான் நிற்கும். செங்குத்தான இறக்கத்தில் இறங்கித் தள்ளுங்கள், வெட்கமில்லை.

பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப் போகத்தான் கெரியர் கேட்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இப்படிப் பூட்டிய கெரியரில் பிள்ளையை ஏற்றாதீர்கள். கால் வைக்க இடமில்லாமல் தொங்குகிற சின்னக் கால் ஸ்போக்ஸுக்குள் போனால், குதிகால் சதை பிய்ந்துவிடும். புத்தகப் பையைக் கெரியரில் கட்டிவிட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் நடத்திக்கொண்டு போகலாம்.

காஸ் சிலிண்டரும் அப்படித்தான். 12.5 கிலோ என்று சொல்வது உள்ளே இருக்கும் காஸின் எடை மட்டும், இரும்பின் எடை தனி. அதை ஏற்றிக்கொண்டு மிதிக்க வேண்டாம். இருவர் சேர்ந்து, ஒருவர் ஹேண்டிலையும் மற்றவர் சிலிண்டரையும் பிடித்துத் தள்ளிக்கொண்டு வாருங்கள்.