ஊரின் பெயரும் உணவின் உரிமையும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோர வீதியில், வாகரையை அடையும் முன்னர் பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடக்க வேண்டும். பனிச்சை மரத்தையும் கேணியையும் சேர்த்துச் சொல்லும் பெயர் அது. நைலோன் வலைகள் வருவதற்கு முன்னர், பனிச்சங்காயின் சாற்றில் ஊறவைத்தே மீனவர்கள் தமது வலைகளைப் பதப்படுத்தினர். மரம், நீர், தொழில் மூன்றும் ஓர் ஊரின் பெயருக்குள் அடங்கியிருக்கின்றன.

ஆனால் அந்த ஊரின் பெயர் அங்கு விளையும் பொருளோடு பயணம் செய்வதில்லை. சிங்கப்பூரின் உணவகங்கள் "இலங்கை நண்டு" என்று விளம்பரப்படுத்தி அதிக விலைக்கு விற்கின்றன. நாட்டின் பெயர் அங்கே பணமாகின்றது. நண்டு வளர்ந்த களப்பின் பெயரை அங்கு எவரும் கேட்பதில்லை. கிழக்கிலங்கையின் இறாலுக்கும் தேனுக்கும் தயிருக்கும் பெரும்பாலும் இதுவே நிலை. ஓர் ஊரின் பெயருக்குச் சந்தையில் மதிப்பு உண்டு என்றால், அந்த மதிப்பு யாருக்கு உரியது? உலக வர்த்தகச் சட்டம் இக்கேள்விக்குப் புவியியற் குறியீடு என்ற ஏற்பாட்டின் மூலம் விடை கூற முயல்கின்றது.

ஒரு பொருளின் தரமோ நற்பெயரோ அது தோன்றும் இடத்தினால் அமைந்தது எனில், அந்த இடத்தின் பெயரைப் பிற இடத்தார் பயன்படுத்தக்கூடாது என்பதே இதன் சாரம். வர்த்தகச் சின்னம் ஒரு நிறுவனத்தின் சொத்து. அதை விற்கலாம், வாங்கலாம். புவியியற் குறியீடோ அந்த நிலப்பரப்பில் விதிமுறைப்படி உற்பத்தி செய்யும் அனைவருக்கும் பொதுவானது. அதனை எவரும் விலைக்கு வாங்கிச் சென்றுவிட முடியாது.

இம்முறையில் நெடிய அனுபவம் கொண்டவர்கள் இத்தாலியர்கள். அந்நாட்டின் டஸ்கனிப் பிராந்தியத்தில் 1716ஆம் ஆண்டிலேயே, மூன்றாம் கோசிமோ என்ற ஆட்சியாளர் கியாந்தி உள்ளிட்ட நான்கு திராட்சை மதுப் பிரதேசங்களின் எல்லைகளை வகுத்துக் கட்டளை பிறப்பித்தார். மது நம் வாசகர்களில் பலருக்கு விலக்கப்பட்ட பொருள். எனினும் அதன் பெயர் காக்கப்பட்ட முறையில் நாம் கற்க வேண்டிய பாடம் உண்டு.

கியாந்தி என்ற பெயருக்கு மதிப்பு ஏற ஏற, அயற்பிரதேசத்தாரும் அதே பெயரில் விற்கத் தலைப்பட்டனர். 1924இல் 33 உற்பத்தியாளர்கள் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, கருஞ்சேவலைத் தமது அடையாளமாகக் கொண்டனர். ஆயினும் 1932இல் அரசு கியாந்தியின் எல்லையை வெகுவாக விரித்தது. மூலக் கிராமங்கள் தமது பெயருக்குப் பின்னால் "கிளாசிக்கோ" என்ற அடைமொழியைச் சேர்த்தே தம்மை வேறுபடுத்திக் காட்ட நேர்ந்தது. எல்லையை வகுப்பவர் யார் என்பதில் கவனமாக இல்லாவிடின், சொந்தப் பெயருக்கே அடைமொழி தேட வேண்டி வரும்.

டஸ்கனி மதுவோடு நின்றுவிடவில்லை. அங்கு ஆட்டுப்பாலில் செய்யும் பெகோரினோ தொஸ்கானோ பாற்கட்டி 1996இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் காப்பைப் பெற்றது. மலைப்பகுதியான கார்பஞானாவில் விளையும் பழைமையான கோதுமை இனமும் அதே ஆண்டில் பதிவாகியது. டஸ்கனியின் ஒலிவ் எண்ணெய் 1998இல் பதிவாகியது. பாற்கட்டிக்கான விதிமுறையில், பால் எந்தப் பிரதேசத்திலிருந்து வர வேண்டும், மென்கட்டி குறைந்தது 20 நாட்களும் வன்கட்டி குறைந்தது 4 மாதங்களும் முதிர வேண்டும் என்பன எழுத்தில் உள்ளன. விதியைப் பின்பற்றாதவர் டஸ்கனியிலேயே பிறந்து வளர்ந்தவராயினும் அப்பெயரைப் பயன்படுத்த இயலாது. பெயரின் காவல் வெளியாரை மட்டுமன்றி உள்ளூராரையும் கட்டுப்படுத்துகின்றது.

1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் புலமைச்சொத்து உடன்படிக்கையில் ஒரு பாரபட்சம் உண்டு. திராட்சை மதுவுக்கும் வடித்த மதுவுக்கும் அது உயர்ந்த காப்பை வழங்கியது. மக்கள் ஏமாறாவிட்டாலும், "இன்ன ஊர் வகை", "இன்ன ஊர்ப் பாணி" என்றுகூட வேற்றூர் மதுவின் மீது எழுதுவதை அது தடுக்கின்றது. ஏனைய பொருட்களுக்கோ, மக்கள் தவறாக வழிநடத்தப்படுகின்றனர் என்று நிறுவ வேண்டும். தேயிலையும் கறுவாவும் விளைவிக்கும் நாடுகளுக்கு இது பாதகமானது. அந்த உயர்ந்த காப்பை எல்லாப் பொருட்களுக்கும் விரிக்க வேண்டுமெனக் கோரிய நாடுகளுள் இலங்கையும் இந்தியாவும் அடங்கும். இலங்கை தனது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தில் விவசாயப் பொருட்களுக்கும் உணவுக்கும் அந்தக் காப்பை வழங்கியது.

சட்டம் இருந்தும், குறியீடுகளைப் பதிவு செய்வதற்கான ஏற்பாடு 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் மூலமே வந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் "சிலோன் கறுவா" ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகி, அங்கு அக்காப்பைப் பெற்ற முதலாவது இலங்கைப் பொருளாகியது. உலகச் சந்தையில் கறுவா என்ற பெயரில் மலிந்திருக்கும் கசியாப் பட்டை வேறு இனத்தைச் சேர்ந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கு இப்போது சட்டத்தின் துணை உண்டு. தமிழ்நாட்டில் பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இலும் இவ்வாறே பதிவாகின. பால்கோவாவுக்காக விண்ணப்பித்தது பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் என்பது குறிப்பிடத்தக்கது.

இப்பாதையில் மட்டக்களப்பின் எருமைத் தயிர் செல்ல வேண்டுமாயின் என்ன செய்ய வேண்டும்? தமிழர் வீட்டுப் பந்தியிலும் முஸ்லிம் வீட்டு விருந்திலும் முட்டியோடு வந்து அமரும் தயிர் அது. ஆனால் "எங்கள் தயிர் சிறந்தது" என்ற பெருமை சட்டத்தின் முன் சான்றாகாது. தெற்கே திஸ்ஸமகாராமையும் எருமைத் தயிருக்குப் பெயர்பெற்ற இடமே. எமது தயிர் எதனால் வேறுபடுகின்றது என்பதை நாமே எழுத வேண்டும். எருமைகள் மேயும் நிலம் எது, பால் எவ்வளவு நேரத்துக்குள் காய்ச்சப்பட வேண்டும், முட்டி எந்த மண்ணில் வனையப்பட வேண்டும், பால்மாவு கலந்தால் அது எமது தயிராகுமா என்ற கேள்விகளுக்கு உற்பத்தியாளர்கள் ஒருமித்த விடை காண வேண்டும்.

இங்கு இரண்டு தடைகள் எழுகின்றன. பால் கறப்பவர் ஒரு சமூகத்தவராகவும் வாங்கி விற்பவர் இன்னொரு சமூகத்தவராகவும் இருக்கும் மாவட்டம் இது. ஒரு சமூகம் மட்டும் கூடி வகுக்கும் எல்லையும் விதியும் நிலைக்கா. பட்டிக்காரரும் குயவரும் வியாபாரியும், தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சங்கத்தில் அமராவிடின், பெயரின் மீது வழக்கு மிஞ்சுமேயன்றிப் பலன் மிஞ்சாது. கண்காணிப்புச் செலவைச் சிறு உற்பத்தியாளர் தனித்துத் தாங்கவும் முடியாது. சங்கம் அதைச் சுமக்காவிடில், பெரிய நிறுவனங்களே பெயரின் பயனை அனுபவிக்கும்.

இரண்டாவது தடை நிலம். பெரும்போகத்தில் வயல்களில் நெல் நிற்கும்போது கால்நடைகளை மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது இம்மாவட்டத்தின் நெடுநாள் ஒழுங்கு. மாவட்டத்தின் மேற்கெல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் வெளியிடத்தவர் பயிர்ச்செய்கைக்காக நுழைந்ததை எதிர்த்து, பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடர் போராட்டத்தில் இறங்கினர். புவியியற் குறியீடு என்பது ஒரு பொருளுக்கும் ஒரு நிலத்துக்கும் உள்ள தொடர்பைச் சட்டம் ஒப்புக்கொள்வதாகும். மேய்வதற்கு நிலம் இல்லாத பட்டியின் பாலுக்கு எந்த நிலத்தின் பெயரைச் சூட்டுவது?

டஸ்கனியின் அனுபவம் கூறுவதும் இதுவே. முத்திரை இறுதியில் வருவது. அதற்கு முன்னர், நிலத்தின் எல்லை தெளிவாக வேண்டும், செய்முறை எழுத்தில் அமைய வேண்டும், உற்பத்தியாளர் தாமே கூடித் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். வாகரையின் மீனவரும் மேற்கெல்லையின் பட்டிக்காரரும் அரசின் முத்திரைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதற்கூட்டத்தை அவர்கள் நாளையே கூட்டலாம். மேய்ச்சல் தரையைக் காத்துக் கொடுப்பது மட்டும் அரசின் கடன். அதைச் செய்யாது முத்திரையை மட்டும் வழங்கினால், பனிச்சை மரம் அழிந்த பின்னும் பனிச்சங்கேணி என்று வழங்குவதைப் போல, பொருள் மறைந்து பெயர் மாத்திரமே எஞ்சும்.