சுவரில் செருகினால் ஓடும் வாக்குவம்... திடீரென நின்றுவிட்டால் என்ன செய்வது?

"வாக்குவம் போட்டேன், சத்தமே வரலை. நான்தான் ஏதோ கெடுத்துட்டேன்போல!"

டொரன்டோவில் மகன் வீட்டுக்குப் போயிருக்கும் என் பெரியம்மா, போன வாரம் வீடியோ காலில் இப்படிப் புலம்பினார். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு.

கனடா, அமெரிக்காவில் பல வீடுகளில் 'சென்ட்ரல் வாக்குவம்' உண்டு. மோட்டார் கராஜிலோ பேஸ்மென்ட்டிலோ இருக்கும். அங்கிருந்து சுவருக்குள்ளேயே குழாய்கள் ஓடும். அறைச் சுவரில் உள்ள மூடியைத் திறந்து ஹோஸைச் செருகினால், குழாயோடு வரும் மெல்லிய 24 வோல்ட் ஒயர் மோட்டாருக்கு சிக்னல் கொடுக்கும். மோட்டார் ஓடுவது 120 வோல்ட்டில். இரண்டில் எது தடைபட்டாலும் வாக்குவம் ஓடாது.

ஓடவே இல்லையா?

ஹோஸ் கைப்பிடியில் சுவிட்ச் இருந்தால், அது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வேறு அறையில் செருகுங்கள். அங்கே ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. முதல் அறையின் இணைப்பில்தான் கோளாறு.

எங்குமே ஓடவில்லையா? மோட்டாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அதே பாயின்ட்டில் ஒரு டேபிள் லாம்ப்பைச் செருகுங்கள். லாம்ப் எரியாவிட்டால் பிரேக்கரோ, பிளக் பாயின்ட்டோ 'டிரிப்' ஆகியிருக்கலாம். எரிந்தால், மோட்டாரை மறுபடி செருகி, அதன் பெட்டியில் உள்ள ரீசெட் பட்டனை அழுத்துங்கள். பல மாடல்களில் இது உண்டு.

பாதியில் நிற்கிறதா?

தூசி வாளி நிறைந்தாலோ, ஃபில்டர் அடைத்தாலோ மோட்டார் சூடாகித் தானே நின்றுவிடும். இரண்டையும் சுத்தம் செய்து, ஆறவிட்டுப் போடுங்கள்.

நிற்கவே மாட்டேன் என்கிறதா?

சாமி படம் மாட்ட அடித்த ஆணி, சுவருக்குள் இருக்கும் சிக்னல் ஒயரில் இறங்கியிருக்கலாம். ஒயரின் இரு இழைகளும் ஒட்டிக்கொண்டால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டாருக்குள் இருக்கும் ரிலே சிக்கிக்கொண்டாலும் இப்படி ஆகும். பிளக்கைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

இதை மட்டும் செய்யாதீர்கள்!

பிரேக்கரை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். அடிக்கடி விழுகிறதே என்று கூடுதல் ஆம்பியர் பிரேக்கர் மாட்டினால், ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. சில வீடுகளில் சுவர்த் துளையிலேயே 120 வோல்ட்டும் வரும். அதனால் ஊசி, கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். தீய்ந்த வாடையோ, அதிகப்படியான தீப்பொறியோ வந்தால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். உடனே நிறுத்திவிடுங்கள்.

பெரியம்மா கதை என்ன ஆனது? லாம்ப் எரியவில்லை. கராஜ் பிளக் பாயின்ட்டில் இருந்த சின்ன ரீசெட் பட்டனை அழுத்தச் சொன்னேன். 'டக்' என்றது. அடுத்த நிமிடமே வாக்குவம் ஓடியது.

"அப்போ நான் கெடுக்கலையா?" என்றார்.

"இல்லை பெரியம்மா. நீங்கதான் சரிபண்ணியிருக்கீங்க!"